ஹைதர் வந்தார், ஷேர் விழுந்தது

1769ஆம் வருஷம் லண்டன் ஷேர் மார்க்கெட் சரிந்ததற்கு நம்ம செங்கல்பட்டுச் சீமையும் ஒரு காரணம் என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவீர்கள்? மலர்க் குழுவினர் என்னிடம், "ஷேர் மார்க்கெட் பற்றி எழுதுங்க, இப்ப படிக்கிற பசங்க பாதிப் பேர் அதிலேதான் இருக்காங்க" என்று கேட்டார்கள். எந்த ஷேரை வாங்கலாம் என்று சொல்லுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கணும், அது எனக்குத் தெரியாது. சரிவு எப்போது வரும் என்பதும் தெரியாது. ஆனால் சரிவு வந்தபோதெல்லாம் யார் மூழ்கினார்கள், யார் கரையேறினார்கள் என்பதற்கு நம்ம கல்லூரியைச் சுற்றி இருக்கிற ஊர்களிலேயே 250 வருஷத்துக் கதை கிடக்கிறது. அதைச் சொல்கிறேன்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுப் பகுதியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இரண்டே வருஷத்தில், 1765இல், வங்காளத்தின் வரி வசூல் உரிமையும் கம்பெனிக்குக் கிடைத்தது. லண்டனில் ஒரே குதூகலம். இனிமேல் இந்தியாவிலிருந்து பணம் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் என்று எல்லோரும் கம்பெனி ஷேருக்கு அலைந்தார்கள். ராபர்ட் கிளைவ் இங்கிருந்தபடியே தன் ஆட்களுக்கு எழுதி, செய்தி பரவும் முன் ஷேர் வாங்கிப்போடச் சொன்னார். (இன்றைக்கென்றால் செபி சும்மா விட்டிருக்காது!) டிவிடெண்ட் கூடிக்கொண்டே போனது. 100 பவுண்டு முகமதிப்புள்ள ஸ்டாக், 270 பவுண்டையும் தாண்டியது.

அந்த நேரத்தில் இங்கே முதல் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சீமைக்குள் புகுந்து புறப்பட்டது. 1769 மார்ச்சில் அவர் ஒரு வேலை செய்தார். ஆங்கிலேயப் படையைத் தெற்கே ஏமாற்றி நிறுத்திவிட்டு, 6,000 குதிரை வீரர்களோடு 130 மைல் தூரத்தை மூன்றரை நாளில் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார் என்று சொல்வார்கள். அவர் வந்த வழி நம்ம ஜாகீர்தான். கோட்டையில் இருந்தவர்கள் நடுங்கிப்போய் ஏப்ரல் 4ஆம் தேதி சமாதானம் எழுதிக் கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கர்நாடகத்துக்குள் ஹைதர் புகுந்துவிட்டார் என்ற பழைய செய்தி கப்பலில் லண்டன் போய்ச் சேர்ந்தது மே மாதக் கடைசியில். இங்கே சண்டை முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. அங்கே அப்போதுதான் ஷேர் விழ ஆரம்பிக்கிறது! முடிந்துபோன போருக்கு ஒரு மார்க்கெட்டே ஓட்டம் பிடித்தது. இப்போது நொடியில் செய்தி வருகிறதே, நாம் அவர்களைவிடத் தெளிவாக இருக்கிறோமா என்று கேட்டால், 2020 மார்ச்சில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள்.

சரி, அந்தச் சரிவில் யார் அழிந்தார்கள்? இதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஷேரைச் சொந்தப் பணத்தில் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தவர்களுக்கு விலை குறைந்தது, வருத்தம், அவ்வளவுதான். டிவிடெண்ட் வந்துகொண்டிருந்தது. அழிந்தவர்கள் கடனில் வாங்கினவர்கள். கொஞ்சம் பணம் கட்டி, மீதியை அடுத்த தவணைக்குத் தள்ளித் தள்ளி, பெரிய அளவில் ஷேர் பிடித்து வைத்திருந்த கூட்டம் ஒன்று இருந்தது. எட்மண்ட் பர்க் என்ற புகழ்பெற்ற பார்லிமென்ட் பேச்சாளரின் நெருங்கிய சகா வில்லியம் பர்க், அவர்களுடைய புரவலர் வெர்னி பிரபு, லாக்லின் மக்லீன் என்ற அரசாங்க அதிகாரி, இவர்கள் எல்லாம் அதில் இருந்தவர்கள். விலை இறங்கியதும் கடன்காரன் கதவைத் தட்டினான். ஒருவர் விற்றதில் விலை இன்னும் இறங்க, அடுத்தவரும் விற்க வேண்டி வந்தது. மொத்தமும் போயிற்று.

இதில் நமக்குத் தொடர்பான ஒரு பின்கதை உண்டு. லண்டனில் தலைகாட்ட முடியாத மக்லீன், பிழைப்புத் தேடி இந்தியா வந்து ஆற்காட்டு நவாபின் ஏஜென்ட் ஆனார். வில்லியம் பர்க் சில வருஷம் கழித்து இந்தியா வந்து தஞ்சாவூர் ராஜாவின் ஏஜென்ட் ஆனார். நவாபுக்கும் ராஜாவுக்கும் இடையே அப்போது இருந்த தகராறில் ஆளுக்கொரு பக்கம்! ஷேரில் விட்டதை நம்ம சீமையில் பிடிக்கலாம் என்று வந்தவர்கள் இவர்கள் மட்டும் இல்லை.

இன்ஜினியர்கள் படிக்கிற மலர் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. உங்களிடம் 5 லட்சம் சொந்தப் பணம். இன்னொரு 5 லட்சம் கடன் வாங்கி, மொத்தம் 10 லட்சத்துக்கு ஷேர் வாங்குகிறீர்கள். மார்க்கெட் 50 சதவீதம் இறங்கினால் ஷேரின் மதிப்பு 5 லட்சம், கடன் 5 லட்சம், உங்களுடையது பூஜ்யம். கடன் இல்லாமல் 5 லட்சத்துக்கு மட்டும் வாங்கியவருக்கு இரண்டரை லட்சம் கையில் இருக்கும், மார்க்கெட் திரும்பும்போது அவரும் கூடத் திரும்புவார். முதல் ஆளுக்குத் திரும்ப வழியே இல்லை, ஆட்டத்தை விட்டே வெளியே போய்விட்டார். மார்க்கெட் பிறகு ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன?

ஹாஸ்டலில் இன்றைக்கு எஃப் அண்ட் ஓ, ஆப்ஷன் என்று ராத்திரி முழுக்கப் பேசுகிற தம்பிகள் 1769ஐ ஒருமுறை நினைக்கணும். பேர்தான் புதுசு. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மீதி 7 பேரில் நாம் ஒருவர் என்று நூறு பேருமே நினைக்கிறார்கள், அதுதான் சங்கடம்.

இன்னொரு வகை அழிவு இருக்கிறது. அதற்கு மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம் பஸ் பிடிக்க வேண்டும். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை நம்மில் பல பேர் பார்த்திருப்போம். காலேஜ் நாட்களில் கிளாஸை 'கட்' அடித்துவிட்டுப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன். அந்தக் கோட்டையைக் கட்டியவன் ஒரு ராஜா இல்லை, ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனி. 1602இல் ஆரம்பித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஷேர்தான் ஆம்ஸ்டர்டாமில் தினசரி கை மாறிய, உலகத்தின் முதல் பெரிய ஷேர். ஆம்ஸ்டர்டாம் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். அதில் ஒரு டைரக்டர் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் 100 கில்டர் போட்டிருக்கிறாள். அந்தப் பணமும் சேர்ந்துதான் நம்ம கடற்கரைக்கு வந்து நெசவாளர்களிடம் மெல்லிய துணி வாங்கிக் கப்பல் ஏற்றியது.

இந்த ஷேரும் பல தடவை விழுந்தது. 1672இல் பிரான்ஸ் படையெடுத்தபோது விழுந்தது, எழுந்தது. 1688இலேயே ஜோசப் டி லா வேகா என்பவர் ஆம்ஸ்டர்டாம் மார்க்கெட்டின் தில்லுமுல்லுகளை வைத்து ஸ்பானிஷ் மொழியில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். தாத்தா வாங்கியதைப் பேரன் வைத்திருந்து டிவிடெண்ட் வாங்கிய குடும்பங்கள் நிறைய. "விழுந்தால் என்ன, வைத்திரு, எழுந்துவிடும்" என்பது அங்கே நூறு வருஷத்துக்கு மேல் பலித்த வாக்கு.

ஆனால் 18ஆம் நூற்றாண்டில் உள்ளே புழுத்துக்கொண்டிருந்தது. லாபம் குறைந்தும் டிவிடெண்ட் குறையவில்லை; கடன் வாங்கியும் டிவிடெண்ட் கொடுத்தார்கள். ஷேர் வைத்திருந்தவர்கள் டிவிடெண்டைத்தான் பார்த்தார்கள், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கக் கம்பெனி விடவில்லை. 1780 கடைசியில் இங்கிலாந்தோடு சண்டை மூண்டது. 1781இல் சதுரங்கப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக் கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. அந்த வருஷத்தோடு டிவிடெண்ட் நின்றது. 1796இல் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1799 டிசம்பர் 31இல் சாசனமும் காலாவதி. கிட்டத்தட்ட 200 வருஷம் நடந்த கம்பெனி!

ஆக, கடன் வாங்காமல், பொறுமையாக வைத்திருந்தவனும் இங்கே தோற்றான். அவன் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: எல்லாப் பணத்தையும் அந்த ஒரே பெயரில் வைக்காமல் இருந்திருக்க வேண்டும். மார்க்கெட் மொத்தமாக விழுந்தால் பொதுவாக எழுந்துவிடுகிறது, ஒரு தனிக் கம்பெனி எழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "லாங் டெர்ம், லாங் டெர்ம்" என்று ஒரே ஷேரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பவர்கள் நம்ம சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பாடம் 1906இல் வந்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள். இதில் ஆர்பத்நாட் பாங்க் தொழிலும் நடத்தியது. 1810இல் வேறு பெயரில் தொடங்கிய பழைய நிறுவனம். முதலாளி 'சர்' பட்டம் வாங்கியவர். வக்கீல்கள், ரிடையரான உத்தியோகஸ்தர்கள், மிராசுதார்கள், விதவைகள் எல்லாம் மொத்தச் சேமிப்பையும் அங்கே போட்டார்கள். ஷேர் வேண்டாம், ஆபத்து. டெபாசிட்தான் பத்திரம் என்று நினைத்தவர்கள் இவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் லண்டனில் இருந்த பங்காளி மக்ஃபாடியன் இந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஊக வியாபாரத்தில் தொலைத்தார். அவர் உயிரை மாய்த்துக்கொள்ள, 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, ஆர்பத்நாட் கதவை மூடியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பிறகு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. டெபாசிட்தாரர்களுக்குப் போன பணம் போனதுதான்.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தியன் பாங்க். வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் முன்னின்று ஆட்களைத் திரட்டி, 1907 ஆகஸ்ட் 15 அன்று பாங்க் வேலையைத் தொடங்கியது. செங்கல்பட்டு டவுனில் சம்பளக் கணக்கு வைத்திருக்கிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பூர்வீகம் தெரியும்?

டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அதற்கும் ஒரு பாங்க் விழ வேண்டியிருந்தது: 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்க். 1962 ஜனவரியில் தொடங்கிய டெபாசிட் இன்ஷூரன்ஸ் முதலில் ஒரு ஆளுக்கு 1,500 ரூபாய்தான். 1993இல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரியில் 5 லட்சம். ஒரு பாங்கில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து இந்த அளவு. அப்பா ரிடையர் ஆகி வந்த 40 லட்சத்தையும் ஒரு சின்னக் கூட்டுறவு பாங்கில் அரை சதவீதம் அதிக வட்டிக்காகப் போட்டு வைத்திருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

இனி நம்ம காலத்துக்கு வருவோம். சீனியர்களுக்கு 1990களின் ஆரம்பம் நன்றாக ஞாபகம் இருக்கும். 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,467ஐத் தொட்டது, ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளியே வந்ததும் ஒரு வருஷத்தில் பாதியானது. அதற்கப்புறமும் மோகம் விடவில்லை. புது இஷ்யூ அப்ளிகேஷன் பாரங்களை வாங்கி நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒரு தினுசு நம்ம கடற்கரை சம்பந்தப்பட்டது: இறால்.

முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி, டாலரில் வருமானம், வருஷத்துக்கு இரண்டு அறுவடை என்று கணக்குச் சொன்னார்கள். கோவளத்திலிருந்து மரக்காணம் வரைக்கும், அதற்குத் தெற்கேயும், கடலோர நிலத்துக்குக் கிராக்கி. இறால் கம்பெனிகள் பப்ளிக் இஷ்யூ போட்டுப் பணம் திரட்டின. ப்ராஸ்பெக்டஸில் எல்லாம் இருந்தது, வைரஸைத் தவிர. 1994, 95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறால் செத்தது. ஒரு பண்ணை விட்ட தண்ணீர்தான் அடுத்த பண்ணைக்கு உள்ளே போகிறது, நோய் நிற்குமா? இன்னொரு பக்கம், நன்செய் நிலமும் குடிதண்ணீரும் உப்பாகிறது என்று மீனவர்களும் விவசாயிகளும் எழுந்தார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு மறுஆய்வு, 2005இல் தனிச் சட்டம் என்று அது நீண்டது. தொழில் பிழைத்தது, இன்றைக்கும் ஈ.சி.ஆரில் குஞ்சு பொரிப்பகங்கள் ஓடுகின்றன. ஆனால் முதல் அலையில் பத்து ரூபாய் ஷேரை வாங்கியவர்கள் பல பேருக்குக் கையில் மிஞ்சியது சர்டிபிகேட் காகிதம்தான். தொழில் வாழும், அதில் நாம் வாங்கின கம்பெனி வாழாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

தேக்கு மரத் திட்டங்களைப் பற்றியும் எழுதலாம், ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே நிறைய. புண்ணைக் கிளற வேண்டாம்.

நான் 2009 பேட்ச். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தாண்டியிருந்தது, அக்டோபர் கடைசியில் ஒரு நாள் 7,700க்கும் கீழே இறங்கியது. எங்களுக்கு அப்போது ஷேர் எதுவும் கிடையாது, ஆனால் கேம்பஸில் கிடைத்த வேலைக்கு ஜாயினிங் டேட் தள்ளிக்கொண்டே போனது. எனக்கு இரண்டு வருஷம் சீனியரான ஒரு நண்பருக்கு வேலை போனது. வீட்டுக் கடன் தவணை, குழந்தைக்கு ஒரு வயசு. வைத்திருந்த ஷேரை அந்த அடிமட்ட விலைக்கே விற்றார். அவர் வாங்கியிருந்தது நல்ல ஷேர்கள்தான், இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்ப ஏறின. அவரிடம் ஆறு மாதச் செலவுக்கு பாங்கில் பணம் இருந்திருந்தால் போதும். சரிவும் வேலை இழப்பும் சேர்ந்தே வரும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

அதனால்தான் ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கொடுக்கிற ஷேரைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கேயே என்று வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கோட்டையில் வேலை பார்த்த கம்பெனி உத்தியோகஸ்தர்கள், நவாபுக்கு 20, 30 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். சம்பளம், பதவி, முதலீடு மூன்றுமே ஒரே சீமையின் வரி வசூலில் தொங்கியது. 1780இல் ஹைதர் மறுபடி வந்து ஜாகீரைச் சூறையாடினபோது வயலும் இல்லை, வரியும் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல் உள்ளே வந்ததை நாம் மறக்க முடியாது. டவுன்ஷிப்பில் உயிர்கள் போயின. ஆனால் அணுமின் நிலையத்தில் பம்ப் ஹவுஸுக்குள் தண்ணீர் ஏறியும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது யூனிட் பத்திரமாக நிறுத்தப்பட்டு, சில நாட்களில் மறுபடி ஓடியது. அதை டிசைன் பண்ணினவர்கள் சுனாமி என்றைக்கு வரும் என்று ஜோசியம் பார்த்தவர்கள் இல்லை. புயல் வந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்குப் போட்டு மட்டத்தை உயர்த்தினவர்கள். பணத்துக்கும் அந்த வேலைதான் வேண்டியிருக்கிறது.

கையில் 10 லட்சம் இருக்கிற ஒருவர், 6 லட்சத்தை ஷேரிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ, 4 லட்சத்தை பாங்க், பி.பி.எஃப். மாதிரி இடங்களிலோ வைத்திருக்கிறார் என்று வையுங்கள். மார்க்கெட் பாதியானால் அவருக்கு 7 லட்சம் மிஞ்சும். அந்த 30 சதவீத இறக்கத்தைப் பார்த்தும் ராத்திரி தூங்க முடியுமா என்று இன்றைக்கே, விலை உச்சத்தில் இருக்கும்போதே, கேட்டுக்கொள்ளணும். முடியாது என்றால் 6ஐ 4 ஆக்கிக்கொள்ள இதுதான் நேரம். அடுத்த ஐந்து வருஷத்தில் தங்கை கல்யாணத்துக்கோ வீட்டு அட்வான்ஸுக்கோ வேண்டிய பணம் ஷேரில் இருக்கவே கூடாது. வருஷத்துக்கு ஒருநாள், பொங்கல் லீவில் வைத்துக்கொள்ளுங்களேன், விகிதம் மாறியிருந்தால் பழையபடி கொண்டுவரணும். ஏறினதில் கொஞ்சம் விற்று இறங்கினதில் போடுவது மனசுக்குக் கசக்கும், ஆனால் 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 25,981இல் நின்றபோது, கையில் தனியாகப் பணம் வைத்திருந்தவர்களால்தான் வாங்க முடிந்தது. அந்த நவம்பரிலேயே மார்க்கெட் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

ரீயூனியன் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில் இருப்பேன். உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு பக்கத் தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன்: கடன் எவ்வளவு, ஆறு மாதச் செலவு எங்கே இருக்கிறது, ஒரே பெயரில் எவ்வளவு, நாமினி யார். நாமினி கட்டத்தில் கல்யாணத்துக்கு முன் எழுதின அம்மா பெயரே இன்னும் இருக்கிறவர்கள், அண்ணியை முதலில் ஐஸ்கிரீம் ஸ்டாலுக்கு அனுப்பிவிட்டு வரவும்.